பாட்டைப் படம் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாம்பன்காரன். பதினேழு வருடமாக ராமேஸ்வரம் தொடங்கித் தொண்டி வரைக்கும், இந்தப் பக்கம் சாயல்குடி வரைக்கும் பாட்டும் மேளமும் இருக்கிற இடமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும் தம்பி தங்கைகள், மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கல்யாண ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவர்கள் என்று யார் வந்தாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

அண்ணே, மியூசிக் போட்டோகிராபர்னா கச்சேரிக்குப் போய் போட்டோ எடுக்கிறவர்தானே?

கச்சேரி அதில் ஒரு பகுதி. பாட்டு ஒரு மனுஷனை என்ன செய்கிறது என்பதை எடுப்பதுதான் என் வேலை என்று வைத்திருக்கிறேன். வாசிப்பவர் மட்டும் இல்லை. பந்தலுக்குப் பின்னால் நாகஸ்வரத்தின் ஊது நாக்கான சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருப்பவர், தவிலை மடியில் சாய்த்து வார் இறுக்குபவர், மேளச் சத்தத்துக்கு நடுவிலேயே அம்மா தோளில் தூங்கிப்போன குழந்தை எல்லாரும் அதில் வருவார்கள்.

கல்யாண வீட்டில் "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லலாம். வாசித்துக்கொண்டிருப்பவரிடம் அப்படிச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நாம்தான் அவர் இருக்கிற பக்கம் போய்க் காத்துக் கிடக்க வேண்டும்.

நம்ம பக்கம் உப்பளமும் கருவாடும்தான். இங்க எடுக்கிறதுக்கு என்ன இசை இருக்கு?

இந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தரும். பூச்சி சீனிவாச ஐயங்கார் ராமநாதபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். 1919-ல் மறைந்தார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அவருடைய சீடர். ராமநாதபுரம் சங்கரசிவம்தான் மதுரை டி.என். சேஷகோபாலனின் குரு. சங்கரசிவத்தின் தம்பி முருகபூபதியை, பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை ஆகியோரோடு சேர்த்து மிருதங்கத்தின் மூன்று பெரியவர்களில் ஒருவராகச் சொல்வார்கள். நாகூர் ஹனிபா 1925-ல் பிறந்ததும் ராமநாதபுரத்தில்தான். இதெல்லாம் ஒரே மாவட்டத்துச் சங்கதி.

பெரிய பெயர்களை விட்டுவிட்டாலும் வருடம் முழுக்க வேலை இருக்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கை. ஜூலையில் தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா, தேருக்கு முன்னால் பேண்டு செட்டு. ஏர்வாடி சந்தனக்கூடு, அங்கே தப்ஸ் அடித்துப் பாடும் பக்கீர்கள். ஊர் ஊராக முளைக்கொட்டு, கும்மி, ஒயிலாட்டம், நையாண்டி மேளம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் அப்போது கரையில் இருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து பழைய பாட்டுகளைக் கேட்க அதை விட நல்ல சமயம் கிடையாது.

என்ன கேமரா, என்ன லென்ஸ் வாங்கணும்? போன் போதுமா?

பகல் வெளிச்சத்தில் போன் போதும். ராத்திரி சாமி புறப்பாட்டில் போன் திணறும். நான் பெரும்பாலும் இரண்டு லென்ஸோடு போகிறேன்: 35 எம்.எம்., 85 எம்.எம். இரண்டுமே எஃப் 1.8 வரை அகலமாகத் திறந்து நிறைய வெளிச்சம் வாங்குபவை. பழையதாக வாங்கியவை. கூட்டத்துக்குள் புகுந்து நிற்க 35. எட்டி நின்று முகத்தையும் கையையும் எடுக்க 85.

கடனை வாங்கிப் பெரிய லென்ஸ் வாங்காதீர்கள். அந்தக் காசில் பத்து ஊர் திருவிழாவுக்குப் போய் வரலாம்.

ஃபிளாஷ் போடவே மாட்டேங்கிறீங்களே, ஏன்?

மூச்சைப் பிடித்து ஒரு நீண்ட சங்கதியை வாசித்துக்கொண்டிருப்பவரின் கண்ணில் பளிச்சென்று அடித்தால் அவருக்கு எப்படி இருக்கும்? பெரிய நகர மேடைகளில் முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. நம் ஊரில் அப்படி யாரும் சட்டம் போடவில்லை. நாமாகப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஃபிளாஷ் அந்த இடத்தின் வெளிச்சத்தை அழித்துவிடும். தீவட்டி, டியூப் லைட், சீரியல் செட்டு, பஜ்ஜிக் கடைப் பல்பு என்று ஒவ்வொன்றும் முகத்தில் வேறு மாதிரி விழும். அது போய்விட்டால் எந்த ஊர்த் திருவிழா என்றே தெரியாது.

ஒரு நிகழ்ச்சிக்குப் போறதுக்கு முன்னாடி என்ன தயாரிப்பு பண்ணுவீங்க?

கேட்பேன். அதுதான் பாதி வேலை. யார் வாசிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் அவர்கள் முன்பு வாசித்த பதிவைத் தேடிப் பிடித்து இரண்டு மூன்று நாள் வீட்டில் ஓடவிடுவேன். நான் சங்கீதம் படித்தவன் இல்லை. ராகம் பெயர் பல நேரம் தெரியாது. ஆனால் எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது, யார் யாருக்கு வழிவிடுகிறார்கள் என்பது கேட்கக் கேட்கப் பிடிபட்டுவிடும்.

நிகழ்ச்சி அன்று ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுவேன். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு மேளக்காரர்களோடு டீ குடிப்பேன். "எந்த ஊரு தம்பி? யாரு மகன்?" என்று கேட்பார்கள். தாத்தா பெயரைச் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போகும். படம் எடுக்கட்டுமா என்று அப்போதுதான் கேட்பேன்.

எந்த செகண்டுல கிளிக் பண்ணணும்னு எப்படித் தெரியும்?

சத்தம் வரும்போது எடுத்தால் தாமதம். சத்தம் வருவதற்கு முன்னால் உடம்பு அதைச் சொல்லிவிடும். நாகஸ்வரக்காரர் ஒரு பெரிய பிடிக்குப் போகும் முன் தோள் கொஞ்சம் மேலே ஏறும், நாசி விரியும், கண் பாதி மூடும். அங்கே எடுக்க வேண்டும். கன்னம் உப்பி நரம்பு புடைத்த படத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். அதற்கு முந்தின மூச்சில்தான் பாட்டு முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தவிலில் இன்னும் தெளிவாகத் தெரியும். தீர்மானம், அதாவது தாளத்தை முடித்துவைக்கும் சொற்கட்டு, மூன்று முறை வரும். ததிங்கிணதொம், ததிங்கிணதொம், ததிங்கிணதொம். முதல் முறை வரும்போது சுதாரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் ஃபோகஸைக் கண்ணில் வைத்துவிடுங்கள். மூன்றாவதின் கடைசி "தொம்" விழும்போது தவில்காரரும் நாகஸ்வரக்காரரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்பு இருக்கும். அரை நொடிதான். அதை எடுக்கக் கை தயாராக இருக்க வேண்டுமானால் காது முன்னாலேயே எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒரு தாத்தா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டால் அவர் கையைப் பார்த்துத் திருத்திக்கொள்வேன்.

நாகஸ்வரத்தை எடுத்தா முகம் மங்கலா வருது, முகத்தை எடுத்தா நாகஸ்வரம் மங்கலா வருது. எதுல ஃபோகஸ் வைக்கிறது?

கண்ணில் வையுங்கள். நாகஸ்வரம் இரண்டரை அடிக்கு மேல் நீளம். எஃப் 1.8-ல் தெளிவாக விழும் ஆழம் குறைவு, கண்ணும் குழலின் விரிந்த கீழ் முனையான அணசும் ஒரே தெளிவில் வரவே வராது. இரண்டும் வேண்டுமென்றால் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். குழல் முழுக்க உங்களுக்குக் குறுக்கே கிடைக்கும்.

பக்கவாட்டில் நின்றால் இன்னொரு லாபம் உண்டு. குழலின் மேல் முனையில் நூலில் கட்டித் தொங்கும் உபரிச் சீவாளிகளும் அதைச் சரிசெய்யும் ஊசியும் தெரியும். வாசிப்பின் வேகத்துக்கு அவை ஆடும். நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படங்களில் ஒன்றில் முகமே இல்லை. ஆடுகிற சீவாளிக் கொத்தும் துளைமேல் இருக்கும் மூன்று விரலும்தான்.

தவில்காரர் கை எப்பவும் கலங்கலா வருது. ஷட்டர் எவ்வளவு வைக்கணும்?

எல்லாம் நிற்க வேண்டுமானால் 1/500 நொடி. வலது கை விரலில் மாட்டியிருக்கும் கூடு ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கிற மாதிரி வரும். 1/125-க்கு வந்தால் முகம் நிற்கும், இடது கைக் கழி மட்டும் விசிறி மாதிரி விரியும். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். கை நின்றுபோன தவில்காரர் படம் எனக்குச் சத்தம் இல்லாதது போல் தோன்றும்.

கலங்கலுக்குப் பயப்பட வேண்டாம். 1979-ல் நியூயார்க்கில் தி கிளாஷ் என்ற ராக் குழுவின் பால் சிமனன் தன் பேஸ் கிட்டாரைத் தரையில் அடித்து உடைத்ததை பென்னி ஸ்மித் என்ற போட்டோகிராபர் எடுத்தார். ஃபோகஸ் சரியில்லை என்று அவருக்கே அந்தப் படத்தை வெளியிட மனமில்லை. ஆனால் அதுதான் 'லண்டன் காலிங்' ஆல்பத்தின் அட்டையாக வந்தது.

ஒரு எச்சரிக்கை. திருவிழா எல்.இ.டி. விளக்குகளில் பல, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ப நொடிக்கு 100 முறை மினுக்கும். அங்கே 1/500 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/100 அல்லது 1/50-க்கு இறங்குங்கள். சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் கோடு இன்னும் மோசமாக விழும்.

உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் எங்க இருந்து வருது?

முதலில் என் தாத்தாவிடம் இருந்து. அவர் கரைவலை மண்டாடி, அதாவது கடலில் விட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கும் கூட்டத்துக்குத் தலைவர். வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டில் முதல் அடியை எடுத்துக் கொடுப்பவர். வீட்டில் வாயே திறக்காத மனுஷன், கடற்கரையில் இருபது பேரைத் தன் குரலால் இழுப்பார். அவர் பாடும்போது எடுத்த படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டிருக்கிறோம். நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அதுதான் காரணம்.

அப்புறம் இந்தத் தீவின் சத்தங்கள். வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்போம், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்போம். நடு ராத்திரியில் கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கரையில் நிற்கிறேன் என்று என்னால் சொல்ல முடியும். கச்சான் (தென்மேற்கு) காற்றில் பனை ஓலை ஒரு மாதிரி பேசும், வாடைக் காற்றில் வேறு மாதிரி. பழைய பாம்பன் பாலத்தில் 1914-ல் இருந்து ரயில் ஓடியது. டிசம்பர் 2022-ல் நின்றது. அந்தப் பாலத்தில் ரயில் ஊர்ந்து வரும் தடக் தடக்கில் ஒரு நடை இருந்தது. சின்ன வயதில் அதற்குத்தான் நாங்கள் தாளம் போடுவோம். ஏப்ரல் 2025-ல் திறந்த புதுப் பாலத்தின் சத்தம் வேறு. அதையும் இப்போது கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது, உத்தரகோசமங்கை. "மத்தளம் முழங்க மரகதம் பொடிபடும்" என்று ஒரு சொலவடை உண்டு. அதிர்வு தாங்காது என்றுதான் மரகத நடராஜருக்கு வருடம் முழுக்கச் சந்தனக்காப்பு என்பார்கள். திருவாதிரையை ஒட்டித்தான் காப்புக் களைவார்கள். சத்தத்துக்குக் கல்லைத் தொடுகிற பலம் இருக்கிறது என்று ஒரு ஊரே நம்புகிறது! சத்தம் தொட்ட இடத்தைத் தேடும் வேலைதானே என்னுடையதும். யோசனை வறண்டுபோன பல நாட்களில் அந்தச் சொலவடையை நினைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன்.

வெளிநாட்டு போட்டோகிராபர்ல யார் படத்தைப் பார்க்கணும்?

இரண்டு பேரைச் சொல்வேன். ராய் டிகராவா, நியூயார்க் ஹார்லெமைச் சேர்ந்தவர். ஜாஸ் கலைஞர்களை இருக்கிற வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தவர். அவர் படங்களில் இருட்டு இருட்டாகவே இருக்கும். கறுப்புத் தோல் கறுப்பாகவே, அத்தனை அழகாக இருக்கும். நமக்கு இது முக்கியமான பாடம். கேமராவின் மீட்டர் கறுத்த முகத்தைப் பார்த்ததும் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துச் சாம்பல் பூசிவிடும். வெயிலில் வேலை பார்க்கும் நம் மேளக்காரர்களை எடுக்கும்போது நான் மீட்டர் சொல்வதை விட முக்கால் ஸ்டாப் வெளிச்சம் குறைத்துத்தான் வைப்பேன்.

இன்னொருவர் ஹெர்மன் லியனார்ட். 1948-ல் ஜாஸ் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு சிகரெட் புகை விடும் படம் அவர் எடுத்தது. பின்னால் இருந்து வரும் விளக்கு புகையை எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். நம் ஊரில் சாம்பிராணிக்கும் தீவட்டிப் புகைக்கும் அதே வித்தைதான். நம் நாட்டில் ரகு ராய் எடுத்த இந்துஸ்தானி இசைக் கலைஞர்களின் படங்களையும் தேடிப் பாருங்கள்.

பார்த்துவிட்டு அதே மாதிரி எடுக்கப் போகாதீர்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் பாட்டைக் கேட்டு எடுத்தார்கள்.

கலரா, கருப்பு வெள்ளையா?

முளைப்பாரியைக் கலரில்தான் எடுப்பேன். வெளிச்சம் படாமல் வளர்ந்த அந்த வெளிர் மஞ்சள் நாற்று கருப்பு வெள்ளையில் வெறும் புல்லாகத் தெரியும். நீலமும் ஊதாவும் அடிக்கும் எல்.இ.டி. மேடையாக இருந்தால் கருப்பு வெள்ளை. அந்த நீலத்தில் முகத்தின் விவரமெல்லாம் கரைந்துவிடும்.

கரைவலையில இன்னும் அம்பா பாடுறாங்களா? அதை எப்படி எடுக்கிறது?

பாடுகிறார்கள், முன்பு போல இல்லை. போனில் சினிமாப் பாட்டை ஓடவிட்டு இழுக்கிற செட்டும் இருக்கிறது. வயசானவர் ஒருவர் இருக்கிற செட்டில் வலை கனத்ததும் தானாக ஏலேலோ வந்துவிடும். பாரம் இல்லாமல் அந்தப் பாட்டு வராது. "ஒரு தடவை பாடிக் காட்டுங்க" என்று கேட்டால் பாடுவார்கள்தான், ஆனால் அது வேறு பாட்டு.

விடியும் முன் போங்கள். முதல் ஒரு மணி நேரம் கயிற்றைப் பிடித்து இழுங்கள். கை எரியும். எந்த அடியில் எடை ஏறுகிறது, எந்த அடியில் கால் பின்னால் போகிறது என்று உடம்புக்குத் தெரியும். ஒருவர் முதல் அடியைச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லும்போதுதான் இழுப்பு. முதல் அடி சொல்பவரின் முகத்தை எடுப்பதா, திருப்பிச் சொல்லும் இருபது முதுகை எடுப்பதா என்று கேட்டால், நான் இடுப்பில் சுற்றிய கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் வைத்திருக்கும் சாக்குத் துணியை எடுப்பேன். அது நனைந்து நைந்துபோயிருக்கும். பாட்டின் எடை எவ்வளவு என்று அதில் தெரியும்.

வலையின் மடி, அதாவது மீன் சேரும் பை, கரைக்கு வரும்போது பாட்டு நிற்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கெல்லாம் எடுக்கக் கூடாது?

கோயிலுக்குள் எடுக்காதீர்கள். ராமேஸ்வரம் பிரகாரத்தில் நாகஸ்வரம் எதிரொலிப்பதைப் போல இந்த மாவட்டத்தில் வேறு எங்கும் கேட்காது. எனக்கும் ஆசைதான். ஆனால் அனுமதி இல்லை என்றால் இல்லை. வீதியுலா வெளியே வரும், அங்கே எடுக்கலாம். தர்காவில் ஜியாரத் (அடக்கத்தலத் தரிசனம்) செய்கிறவர்களின் முகத்தைக் குறிவைக்க வேண்டாம். மனசு சரியில்லாமல் அங்கே வந்து தங்கியிருப்பவர்களை எடுக்கவே கூடாது. பக்கீர்களிடம் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஒரு பாட்டு முடியும் வரை கேட்டுவிட்டு அப்புறம் கேளுங்கள்.

முளைப்பாரி போட்ட வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது. வாசலில் நின்றால் உள்ளே பெண்கள் கும்மி கொட்டிப் பாடுவது மட்டும் கேட்கும். ஒரு வருடம் நான் எட்டு ராத்திரியும் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தேன். சாத்திய கதவு, கீழே இடுக்கில் விளக்கு வெளிச்சம், வெளியே வரிசையாகக் கழற்றிப் போட்ட செருப்புகள். அந்தப் படத்தைப் பார்த்த அந்த ஊர் அக்கா ஒருவர், "செருப்பைப் பார்த்தாலே யாரு யாரு பாடுறான்னு தெரியுது" என்றார்.

ஒப்பாரியை எடுப்பீங்களா?

சாவு வீட்டில் எடுக்க மாட்டேன். ஒரு முறை வீட்டுக்காரர்களே கேட்டபோதும் கேமராவை வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று பாடிய அப்பத்தாவை இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். முற்றத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். "அதைப் போயி படம் எடுப்பாங்களாய்யா?" என்று சிரித்தார். பேச்சுக்கு நடுவில் அவராகவே இரண்டு வரி முனகினார். தலையைக் கிள்ளும் விரல் நின்றது, ஒரு மீன் கையிலேயே இருந்தது. "எடுத்துக்கட்டுமா அப்பத்தா?" என்றேன். தலையாட்டினார். அந்த ஒரே படம்தான். அதை இதுவரை நான் எங்கும் வெளியிடவில்லை, அவருக்கு மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச்சுல கிட்டாரோட ஆல்பம் ஷூட் பண்ணித் தருவீங்களா?

மாட்டேன். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் அந்த ஊரே போனது. சுவர் அழகாக இருக்கிறது என்பதற்காக அங்கே போய் கிட்டாரைத் தூக்கிப் போஸ் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஊரைப் பற்றிப் பாட்டு கட்டியிருக்கிறோம் என்று யாராவது வந்தால் உட்கார்ந்து பேசலாம். படகுத்துறை, ஐஸ் கம்பெனி வாசல், மண்டபம் ரயிலடி என்று நல்ல இடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

உப்புக்காத்துல கேமரா கெட்டுப் போகாதா?

போகும். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடம்பைத் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் துடையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

கேமராவை விடப் படம் முக்கியம். என் முதல் நான்கு வருடப் படங்கள் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. இணைப்பு துருப்பிடித்து ஒரு நாள் அது திறக்கவே இல்லை. சரிசெய்யக் கொடுத்த கடையில் அதையும் தொலைத்துவிட்டார்கள். இன்று உயிரோடு இல்லாத மூன்று நாகஸ்வரக்காரர்கள் அதில் இருந்தார்கள். மேலே சொன்ன ஹெர்மன் லியனார்டின் வீடும் 2005-ல் கத்ரீனா புயலில் மூழ்கியது. சுமார் 8,000 பிரிண்டுகள் போயின. நெகடிவ்கள் ஒரு அருங்காட்சியகத்தின் பெட்டகத்தில் இருந்ததால் தப்பின. நானும் இப்போது ஒரு பிரதியை மதுரையில் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். கடலுக்குப் பக்கத்தில் இருப்பவன் தன் படங்களை எல்லாம் கடலுக்குப் பக்கத்திலேயே வைக்கக் கூடாது.

ஒரு ராத்திரியில எத்தனை படம் எடுப்பீங்க? எப்படித் தேர்ந்தெடுக்கிறீங்க?

முந்நூறுக்குள். ஒரு வாரம் பார்க்க மாட்டேன். அன்றே பார்த்தால் காதில் மேளம் ஓடிக்கொண்டிருக்கும், எல்லாப் படமும் நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஒரு வாரம் கழித்து வீடு அமைதியாக இருக்கும்போது பார்த்தால், எந்தப் படத்தில் இன்னும் சத்தம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எட்டோ பத்தோ தேறும்.

படம் யாருக்குச் சொந்தம்? கலைஞருக்குக் காசு கொடுக்கணுமா?

நம் நாட்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957-ஆம் வருடத்தது. பொதுவாகப் படம் எடுத்தவருக்குத்தான் உரிமை. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்து, வேறு ஒப்பந்தமும் இல்லையென்றால், உரிமை பணம் கொடுத்தவருக்குப் போய்விடும். பேசும்போதே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் எடுத்த படத்தை ஒரு விழாக் குழு என்னைக் கேட்காமல் பேனரில் போட்டது. எனக்குப் பணம் வராததை விட, வாசித்தவர் பெயரைப் போடாததுதான் கோபம்.

சட்டம் அப்படி. என் வழக்கம் வேறு. வாசித்தவருக்கு பிரிண்ட் உண்டு, அவருடைய பேனருக்கும் விசிட்டிங் கார்டுக்கும் இலவசம். படம் விலைக்குப் போனால் பாதி அவருக்கு. எங்கே வந்தாலும் அவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும்.

போட்டோல சத்தமே கேக்காதே. வீடியோ எடுத்தா பாட்டும் வரும், ஆளும் வரும். அப்புறம் போட்டோ எதுக்கு?

நல்ல கேள்வி. அம்பா மாதிரி மறைந்துகொண்டிருக்கும் பாட்டுகளைக் கட்டாயம் வீடியோவில், ஒலிப்பதிவில் எடுத்து வைக்க வேண்டும். நானும் பையில் ஒரு சின்ன ரெக்கார்டர் வைத்திருக்கிறேன். அதற்கு மாற்று போட்டோ இல்லை.

ஆனால் வீடியோவில் பாட்டு நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். மேலே சொன்ன அந்தத் தோள் ஏறும் மூச்சு, தீர்மானத்தின் கடைசிப் பார்வை, நின்றுபோன நெத்திலி விரல் எல்லாம் வந்த வேகத்தில் போய்விடும். அங்கே நின்று பார்க்க முடியாது. போட்டோவில் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஒரு தவில்காரரின் மகன் தன் அப்பாவின் படத்தைக் கால்மணி நேரம் பார்த்துவிட்டு, "அப்பா இந்த இடத்துல உதட்டைக் கடிப்பாரா? எனக்குத் தெரியவே தெரியாதுண்ணே" என்றான். அவன் பத்து வருடமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டவன்.

இத்தனை வருஷத்துல எடுக்க நினைச்சு எடுக்க முடியாமப் போன படம் எதுண்ணே?

கரைவலையில் பாட்டு நிற்கும் இடம். மடி முழங்கால் தண்ணீருக்கு வந்ததும், யாரும் கை காட்டாமல், யாரும் சொல்லாமல் ஏலேலோ அப்படியே அறுந்துவிடும். இருபது பேரும் வாயை மூடிக்கொண்டு ஒரே இடத்தைப் பார்ப்பார்கள். வீட்டில் அன்றைக்கு உலை கொதிக்குமா என்பது அந்த மடிக்குள் இருக்கிறது. இரண்டு நொடி, மூன்று நொடி. அப்புறம் யாராவது ஏதாவது சொல்வார்கள், சத்தம் வந்துவிடும்.

ஆறேழு தடவை தண்ணீரில் இறங்கி அதற்காகக் காத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பாட்டு நின்ற நொடியில் என் கண்ணும் மடிக்குத்தான் போயிருக்கிறது. மண்டாடி வீட்டுப் பேரனுக்கு முதலில் மீனைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. நிமிர்வதற்குள் முகங்கள் மாறிவிடும். அடுத்த முறை கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளலாம் என்று இருக்கிறேன்.